வளரும் பாலங்கள்



வீட்டைக் கட்டுகிறோம், மரத்தை வளர்க்கிறோம். வீட்டை வளர்த்தேன் என்று கூறுவாரும் இல்லை. மரத்தைக் கட்டினேன் என்று கூறுவாரும் இல்லை. கட்டுதல் கொத்தனார் தொழில். வளர்த்தல் உழவர் தொழில். இவ்விரண்டையும் ஒன்றாக்கி, ஆற்றுக்குக் குறுக்கே பாலத்தை வளர்த்துக்கொண்ட மக்கள் நம் நாட்டின் வடகிழக்கு மூலையில் வாழ்கின்றனர். அவர்கள் யாவர், அப்பாலம் எவ்வாறு வளர்கிறது, இன்று உலகத்து அறிஞர்கள் அதனை நாடிச் செல்வது ஏன் என்பவற்றை உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அதற்கு முன் என் பள்ளியைப் பற்றிச் சிறிது கூற வேண்டும்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த 1981ஆம் ஆண்டில் எங்கள் பள்ளியின் பாதி வகுப்புகள் கீற்றுக் கொட்டகையிலேதான் நடந்தன. மூங்கிற் கழி, தென்னங்கீற்று, கயிறு ஆகிய மூன்றுமே எங்கள் கட்டடப் பொருள்கள். பங்குனி வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி இருக்கும். மழைக்காலத்தில் ஒழுகும், சில ஆண்டுக்கு ஒருமுறை கீற்று மாற்ற வேண்டும். 2004ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின், பள்ளிகளில் கீற்றுக் கூரை இருத்தலாகாது என்று அரசு ஆணையிட்டது. அப்போது நான் தலைமையாசிரியனாக இருந்தேன். எங்கள் கொட்டகைகளை என் கண்முன்னே பிரிக்கச் செய்தேன். அச்செயலுக்காக ஒருநாளும் நான் வருந்தியதில்லை.

கொட்டகை போயிற்று, கான்கிரீட் கூரை வந்தது. தீயச்சம் நீங்கிற்று, வெப்பம் குடிபுகுந்தது. நண்பகலுக்குப் பின் வகுப்பறையில் பிள்ளைகள் வியர்த்து வாடுவதைக் கண்டு, விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நின்ற ஆலமரத்தடிக்கு அவர்களை அழைத்துச் செல்வேன். ஒருநாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, நம் கூரையும் வெயிலில்தான் நிற்கிறது, இம்மரமும் வெயிலில்தான் நிற்கிறது. மரம் மட்டும் ஏன் சுடவில்லை?" என்று கேட்டாள். வேர் உறிஞ்சிய நீரை இலைகள் ஆவியாக்கி வெளிவிடுகின்றன. நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது என்று விளக்கினேன். அவள் விடவில்லை. "அப்படியானால் மரத்தாலேயே பள்ளிக்கூடம் வளர்த்தால் என்ன?" என்றாள். வகுப்பு முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அச்சிரிப்புக்காகப் பின்னர் வெட்கப்பட்டேன். இன்றைய பேச்சை அம்மாணவிக்குக் காலம் கடந்து நான் கூறும் விடையாகக் கொள்ளுங்கள்.

முதலில் கான்கிரீட்டின் வரலாற்றைப் பார்ப்போம். அது நீண்ட வரலாறன்று. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துச் செங்கற் கொத்தனாராகிய ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர், 'போர்ட்லண்டு சிமிட்டி' என்று தாம் பெயரிட்ட பொருளுக்கு 1824இல் காப்புரிமை பெற்றார். பிரெஞ்சு நாட்டுத் தோட்டக்காரராகிய ஜோசப் மோனியே, பூந்தொட்டிகள் உடையாதிருத்தற் பொருட்டுச் சிமிட்டிக் காரையினுள் இரும்புக் கம்பி வலையை வைத்து, அம்முறைக்கு 1867இல் உரிமை பெற்றார். செடி வளர்க்கும் தொழிலினர் ஒருவரே கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு வழிகாட்டிகளுள் ஒருவராய் நின்றார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

சிமிட்டி செய்வதற்குச் சுண்ணாம்புக் கல்லைக் களிமண்ணோடு சேர்த்துச் சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுடுகின்றனர். அப்போது கல்லிலிருந்து கரியமில வாயு பிரிந்து போகிறது. நீங்கள் வேதியியலில் படித்த கணக்குத்தான் இது. தூய சுண்ணாம்புக் கல் 100 பங்கு இருந்தால் 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 பங்கு வாயுவாகும். சூளைக்கு இடும் நிலக்கரி தரும் புகை வேறு. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 400 கோடி டன் சிமிட்டி செய்கின்றனர். மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கு இத்தொழில் ஒன்றினால் மட்டும் வருகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. அது கதிரவனின் வெப்பத்தைப் புவியிலேயே தங்கச் செய்கிறது. எங்கள் பள்ளிக் கூரையின் வெப்பத்தைத் தணிக்க மின்விசிறி ஓடுகிறது. மின்சாரத்துக்காக நிலக்கரி எரிகிறது. புவி மேலும் வெப்பமடைகிறது. இச்சுழலைக் கவனியுங்கள்.

சிமிட்டியைப் பழிப்பது என் நோக்கமன்று. மருத்துவமனைகளும் அணைகளும் அதனால் நிற்கின்றன. ஆயினும் தாவரத்தின் வழி இதற்கு நேர்மாறானது என்பதை நீங்கள் அறிதல் வேண்டும். தாவரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்தே தன் உடலை ஆக்கிக்கொள்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரிப்பொருளே. அம்மரம் மக்கிப் போகாமலும் எரிந்து போகாமலும் நிற்கும் வரை, அதனுள் அடங்கிய கரி காற்றுக்குத் திரும்புவதில்லை. எனவே, தாவரத்தால் அமைந்த கட்டடம் ஒரு கருவூலம் போன்றது. உயிருள்ள தாவரத்தாலேயே அமைந்த கட்டடமோ, நாள்தோறும் புதுப்பொருள் சேரும் கருவூலமாகும்.

அத்தகைய ஒன்றைக் காண நாம் மேகாலய மாநிலத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே காசி மலை, ஜெயந்தியா மலை என இரு மலைத்தொடர்கள் உண்டு. காசி என்றதும் கங்கைக் கரையை நினைக்க வேண்டா. இது காசியர் என்னும் பழங்குடியினர் வாழும் மலை. அவர்கள் தாய்வழிச் சமுதாயத்தினர். அவர்தம் மொழி ஆஸ்திரோ-ஆசிய இனத்தைச் சேர்ந்தது. இம்மலைகளின் தென்சரிவு வங்கதேசச் சமவெளியை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. கடலிலிருந்து வரும் மழைமேகங்கள் இச்சரிவில் மோதிப் பொழிகின்றன. சோரா எனப்படும் சிரபுஞ்சியில் 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரையிலான ஓராண்டில் 26,461 மில்லிமீட்டர் மழை பெய்தது. நம் தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை ஆயிரம் மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இத்தகைய இடத்தில் ஓடைகள் சில மணி நேரத்தில் பேராறுகளாகிவிடும். பாக்கு, வெற்றிலை முதலியவற்றைப் பயிரிட்டுச் சந்தைக்குச் சுமந்து செல்லும் மக்கள், மழைக்காலம் முழுவதும் அவ்வோடைகளைக் கடந்தாக வேண்டும். மூங்கிற் பாலம் அமைத்தால் ஈரத்தில் சில ஆண்டுகளில் உளுத்துப் போகும். எந்தப் பொருளை வைத்தாலும் நீர் அதனை அழிக்கிறது. நீரால் அழியாது, நீரால் வளரும் பொருள் எது? அம்மக்கள் கண்ட விடை, உயிருள்ள வேர்.

அவர்கள் பயன்படுத்தும் மரம் 'ஃபைக்கஸ் எலாஸ்டிகா' என்று தாவர நூலார் வழங்குவது. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டா. தடித்துப் பளபளக்கும் இலைகளோடு நம் வீட்டு வாயில்களில் தொட்டியில் நிற்கும் 'ரப்பர் செடி' இதுவே. கன்னியாகுமரித் தோட்டங்களில் பால் எடுக்கும் ரப்பர் மரம் வேறு. அது பிரேசிலிலிருந்து வந்தது. காசியரின் மரமோ ஆலுக்கும் அரசுக்கும் உறவு. ஆல் விழுது விடுவதுபோல் இதுவும் காற்றில் வேர் விடும்.

ஓடையின் கரையில் ஒரு மரத்தை நடுகின்றனர். சில இடங்களில் இரு கரைகளிலும் நடுகின்றனர். மரம் வளர்ந்து வேர் விட்டதும், இளவேர்களை வளைத்து, மூங்கிற் சாரத்தின் வழியாகவோ, பிளந்து குடைந்த பாக்கு மரத்தின் பள்ளத்தின் வழியாகவோ எதிர்க்கரைக்குச் செலுத்துகின்றனர். வேர் எதிர்க்கரை மண்ணைத் தொட்டதும் ஊன்றிக்கொண்டு தடிக்கத் தொடங்குகிறது. பின்வரும் வேர்களை முன்சென்ற வேர்களோடு பிணைத்து முடிச்சிடுகின்றனர். அழுந்தி நிற்கும் இரு வேர்கள் நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வேராகிவிடும். மாமரத்தில் ஒட்டுக் கட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அதே இயற்கை நியதிதான் இங்கும். பக்கத்து வேர்கள் கைப்பிடியாகின்றன. கீழ் வேர்களின் இடையே கல்லும் மண்ணும் இட்டு நடைபாதை செய்கின்றனர். இதனை அவர்கள் 'ஜிங்கியெங் ஜ்ரி' என்பர். ஜிங்கியெங் என்பது பாலம். ஜ்ரி என்பது ரப்பர் மரம்.

பாலம் ஆளைத் தாங்குவதற்குப் பதினைந்து முதல் முப்பது ஆண்டு வரை ஆகும். ஆனால், மற்றப் பாலங்கள் திறந்த நாளிலிருந்து தேயத் தொடங்குகின்றன. இப்பாலமோ அந்நாளிலிருந்து வலுக்கத் தொடங்குகிறது. பேணப்பெற்ற பாலம் நூற்றாண்டுகள் நிற்கும். நோங்ரியாட் என்ற சிற்றூரில் ஒரே மரத்தொகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பாலங்கள் உள்ளன. ரங்திலியாங் என்ற ஊரின் பாலம் 50 மீட்டருக்கு மேல் நீண்டது.

இப்பாலங்களைப் பற்றி முதன்முதலில் எழுதி வெளியிட்டவர்களுள் ஒருவர் ஹென்றி யூல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர். இவர் பிற்காலத்தில் மார்க்கோ போலோவின் பயண நூலை ஆங்கிலத்தில் பதிப்பித்துப் புகழ் பெற்றவர். 1840இல் இருபது வயது இளைஞராய், வங்காளப் படையின் பொறியியற் பிரிவில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். அவரைக் காசி மலைக்கு அனுப்பியது எதற்காகத் தெரியுமா? அம்மலையில் கிடைத்த நிலக்கரியைச் சமவெளிக்குக் கொண்டுவர வழி காண்பதற்காக! அம்முயற்சி கைகூடவில்லை. ஆனால், அம்மலையையும் மக்களையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை, வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் 1844இல் வெளியாயிற்று. அதில் வேர்ப் பாலங்களைப் பற்றிய குறிப்பு உண்டு.

இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். நிலக்கரியைத் தேடிச் சென்ற பொறியாளர் உயிருள்ள பாலத்தைக் கண்டார். அடுத்த ஒன்றேமுக்கால் நூற்றாண்டுக்கு உலகம் நிலக்கரியின் வழியே சென்றது. பாலத்தை ஒரு புதுமையாக மட்டும் கருதிற்று. இன்று நிலக்கரியின் புகை தந்த துன்பத்துக்கு மருந்து தேடுவோர், அதே பாலத்தின் முன் வந்து நிற்கின்றனர்.

பணி ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு நானும் நோங்ரியாட் சென்றேன். ஆயிரக்கணக்கான கற்படிகளில் இறங்க வேண்டும். என் முழங்கால்கள் அப்படிகளை இன்னும் மறக்கவில்லை. உடன் வந்த உள்ளூர் ஆசிரியர் வழியில் ஓரிடத்தில் நிற்கச் சொன்னார். ஒரு முதியவர் விரல் தடிமனுள்ள இளவேர் ஒன்றைப் பழைய வேர்களினிடையே செருகிக்கொண்டிருந்தார். அவ்வேர் எப்போது பயன்படும் என்று ஆசிரியர் வழியாக வினவினேன். தம் காலத்தில் அன்று என்று கூறி முதியவர் நகைத்தார். தம் பாட்டனார் செருகிய வேரின்மீது தாம் நடப்பதாகவும், தாம் செருகும் வேரின்மீது பேரன் நடப்பான் என்றும் கூறிவிட்டு, மீண்டும் வேலையில் ஆழ்ந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் ஆசிரியராக இருந்த எனக்கு அந்நாள் அவர் ஆசிரியரானார்.

எனினும் இக்கலை இடரின்றி இருக்கவில்லை. எஃகுக் கம்பிப் பாலங்களும் கான்கிரீட் பாலங்களும் சில மாதங்களில் எழுந்துவிடும்போது, இருபது ஆண்டு காத்திருப்பார் யார்? பல ஊர்களில் பழைய பாலங்கள் பேணுவாரின்றிக் கிடந்தன. வேரைப் பிணைப்போர் இல்லையெனில் பாலம் மீண்டும் வெறும் மரமாகிவிடும். அண்மைக் காலத்தில் காண வருவோர் பெருகியதால் ஊர்மக்களுக்கு வருவாய் கிட்டியுள்ளது. பேணும் ஆர்வமும் மீண்டுள்ளது. ஆனால் மிகுதியான காலடிகள் வேருக்குத் தீங்கு செய்யும் என்ற கவலையும் உடன் வந்துள்ளது. 70க்கும் மேற்பட்ட சிற்றூர்களில் பரவியுள்ள இப்பாலங்களும் அவற்றின் சூழலும், உலகப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்கத் தக்கவற்றின் தற்காலிகப் பட்டியலில் யுனெஸ்கோ அவையில் 2022இல் இடம்பெற்றன.

இனி, இச்சிந்தனை வெளிநாட்டில் எவ்வாறு தோன்றிற்று என்பதைச் சுருங்கக் காண்போம். ஜெர்மானியராகிய ஆர்த்தர் வீசுலா, உயிருள்ள மரங்களை ஒட்டிச் சுவராக்கி வீடு வளர்க்கும் முறையை விளக்கி, 1926இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் வரைந்த வீடு தாளிலேயே நின்றது. எண்பதாண்டு அளவு கழித்து, அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் ஃபெர்டினாண்டு லூத்விக்கும் அவர்தம் நண்பர்களும் இக்கருத்தைக் கையில் எடுத்தனர். 2005இல் வில்லோ மரங்களையே தூண்களாகக் கொண்டு ஒரு சிறு நடைமேடை அமைத்தனர். 2012இல் நாகோல்டு என்ற ஊரில் எஃகுச் சாரத்தின் பல தளங்களில் இளமரங்களைத் தொட்டிகளில் வைத்து, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பெருமரமாக வளர விட்டனர். அவை வலுப்பெற்றபின் சாரத்தை நீக்குவதே திட்டம். இதே லூத்விக் தம் குழுவினரோடு காசி மலைக்கு வந்து ஆராய்ந்தார். 74 பாலங்களைப் பற்றிய அவ்வாராய்ச்சி 2019இல் வெளியாயிற்று. பல்கலைக்கழகப் பேராசிரியர் பள்ளிக்கூடம் காணாத முதியவரிடம் பாடம் கேட்டதை நான் பெருமைக்குரியதாகக் கருதுகிறேன். இருவர்க்கும் அது பெருமை.

உயிருள்ள பொருளைக் கொண்டு கட்டும் வேறு முயற்சிகளும் நடைபெறுகின்றன. நியூயார்க் நகரில் 2014இல் சோளத் தட்டையைத் துணுக்காக்கி, அதில் காளான் இழைகளை வளரவிட்டுச் செய்த ஏறத்தாழ 10,000 கற்களால் ஒரு கோபுரம் எழுப்பினர். காட்சி முடிந்ததும் அக்கற்களை எருவாக்கினர். பிரெஞ்சு நாட்டில் 1980களின் பிற்பகுதியிலிருந்து, ஹெம்ப் என்னும் நார்ச்செடியின் தண்டுத் துணுக்குகளைச் சுண்ணாம்போடு பிசைந்து சுவர் எழுப்புகின்றனர். அச்சுவர் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. சுண்ணாம்பு போர்த்தியிருப்பதால் எளிதில் தீப்பற்றுவதுமில்லை. பாரம் தாங்கும் வலிமை அதற்கு இல்லையாதலால் மரச்சட்டம் துணை நிற்க வேண்டும். அமெரிக்க நாட்டுக் கொலராடோப் பல்கலைக்கழகத்தார் 2020இல், மணலோடு நுண்ணிய நீலப்பச்சை உயிர்களைச் சேர்த்துச் செய்த கல்லைப் பாதியாக்கி, ஒவ்வொரு பாதியையும் முழுக் கல்லாக வளரச் செய்து காட்டினர்.

இவற்றால் மாநகரங்கள் நாளையே மாறிவிடும் என்று நான் கூறவில்லை. கரியமில வாயு பெருகும் வேகத்துக்கு ஒரு வேர்ப் பாலம் ஈடாகாது. இருபது ஆண்டு காத்திருந்து மருத்துவமனை கட்ட இயலாது. காசி மலையின் மழையும் அம்மரமும் எல்லா நாட்டிலும் இல்லை. தீயின் கொடுமையை நேரில் அறிந்த நம் மாநிலத்தில், 'இயற்கைப் பொருள்' என்ற பெயர் ஒன்றுக்காகவே எதனையும் குழந்தைகளின் தலைக்கு மேல் வைத்துவிடலாகாது. சோதித்துத் தேறியபின் அன்றோ அது கூரையாதல் வேண்டும்? இவற்றை நான் மறைத்துப் பேசினால் அஃது ஆசிரியர்க்கு அழகாகாது.

ஆனால் இவ்வரலாறு நமக்கு இரண்டு உண்மைகளை அறிவிக்கிறது. முதலாவது, கட்டடப் பொருள் என்பது சூளையிலும் உலையிலும் மட்டுமே பிறக்கும் என்பது இருநூறு ஆண்டுப் பழக்கம். அது மாற்றவொண்ணாத விதியன்று. இரண்டாவது, ஒரு பொருளின் விலையைக் கணக்கிடும்போது அதனை ஆக்கும் நாள்களை மட்டும் எண்ணுதல் போதாது. அது நிற்கும் நாள்களையும், நின்று முடிந்தபின் மண்ணுக்கும் காற்றுக்கும் அது தருவதையும் எண்ண வேண்டும். காசி மலை முதியவர் எழுத்தறியாதவராயினும் அக்கணக்கை அறிந்திருந்தார்.

உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் தாவர நூல் கற்பீர்கள். சிலர் ஊராட்சியிலும் அரசிலும் அமர்ந்து, எந்தக் கட்டடம் எவ்வாறு எழ வேண்டும் என்று ஆணையிடுவீர்கள். தீப்பற்றாததும் வெயிலில் சுடாததும் காற்றைக் கெடுக்காததுமான ஒரு பள்ளிக் கூரையை நீங்கள் ஆக்கித் தர வேண்டும். எங்கள் தலைமுறை கீற்றையும் கான்கிரீட்டையும் கண்டது. மூன்றாவதாகிய அதனைக் காணவில்லை.

அன்று ஆலமரத்தடியில் வினவிய அம்மாணவி இன்று எங்கிருக்கிறாளோ, அறியேன். இப்பேச்சு அவள் செவியில் விழுமாயின், இதைக் கூறுவேன்: குழந்தாய், மரத்தால் பள்ளிக்கூடம் வளர்க்கலாமா என்று நீ கேட்டாய். மரத்தால் பாலம் வளர்த்தவர்கள் நான் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்னரே இருந்தார்கள். சிரித்தது என் அறியாமை. நீ கேட்ட வினா நல்ல வினா.